சராசரி வேகக் கேமரா என்றால் என்ன? சாதாரணக் கேமரா போதாதா?

சாலையின் ஒரு பகுதியைக் கடக்க எடுத்த நேரத்தை வைத்து வண்டியின் வேகத்தைக் கணக்கிடும் ஏற்பாடு இது. இத்தாலியின் நெடுஞ்சாலைகளில் 2005 முதல் 'டியூட்டர்' என்ற பெயரில் இயங்குகிறது. நுழைவில் ஒரு கேமரா எண் பலகையையும் நேரத்தையும் பதிகிறது. சில கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று. அங்கே பொது வரம்பு மணிக்கு 130 கி.மீ. அந்த வேகத்தில் 10 கி.மீ. கடக்க ஏறக்குறைய 4 நிமிடம் 37 விநாடி ஆகும். நான்கே நிமிடத்தில் வந்தவர் சராசரியாக 150-இல் பறந்திருக்கிறார். அபராதம் வீடு தேடி வரும்.

அரை மணி வேக வேண்டிய பருப்பு பத்து நிமிடத்தில் இலைக்கு வந்தால், அடுப்படியை எட்டிப் பார்க்காமலே வேகவில்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா?

ஒற்றைக் கேமராவின் பலவீனம் ஓட்டுநர்களுக்கு அத்துப்படி: கம்பத்தைக் கண்டதும் பிரேக், தாண்டியதும் பழைய வேகம். அந்தத் திடீர் பிரேக்கே பின்னால் வருபவருக்கு ஆபத்து. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதால், வழி நெடுகிலும் நிதானம் தேவைப்படுகிறது.

ஒருவரை முந்தும்போது சில விநாடி வரம்பு மீறினாலே இந்தக் கணக்கில் சிக்கிவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படியில்லை, முழுத் தூரத்தின் சராசரிதான் பார்க்கப்படுகிறது.