சூளூர்பேட்டை லோக்கல்ல வந்து எழும்பூர் ரயில் பிடிக்கணும், நடுவுல ஏஜென்ட் 500 ரூபா கேக்கறார், குடுக்கலாமா?

கேள்வி: சூளூர்பேட்டையில இருந்து லோக்கல்ல சென்னை வந்து ராத்திரி எழும்பூர்ல திருநெல்வேலி ரயில் ஏறணும். அம்மாவுக்கு முட்டி வலி. லோக்கல் லேட்டாகி ரயில் போயிட்டா காசு திரும்ப வருமா? இங்க ஒருத்தர் 500 ரூபா குடுத்தா ரெண்டு டிக்கெட்டையும் லிங்க் பண்ணித் தர்றேங்கறார்.

பதில்: குடுக்காதீங்கம்மா. லோக்கல் டிக்கெட்டுக்கு பிஎன்ஆரே (ரிசர்வேஷன் டிக்கெட்டுல இருக்கற பத்து இலக்க நம்பர்) கிடையாது, இல்லாதத எதோட போய் லிங்க் பண்ணுவார்?

ரெண்டு ரயில் டிக்கெட்ட இணைக்கிற வசதி 2019 ஏப்ரல்ல வந்தது நிஜம்தான். முதல் ரயில் லேட்டாகி ரெண்டாவத விட்டுட்டா, போகாத தூரத்துக்கான காசு பிடித்தம் இல்லாம திரும்ப வரும். ஆனா ரெண்டுமே ரிசர்வேஷன் டிக்கெட்டா இருக்கணும், ரெண்டுலயும் அதே ஆளுங்க பேரு இருக்கணும். லோக்கல்ல வந்து எழும்பூர் ரயில விட்டீங்கன்னா ரயில்வேயப் பொறுத்தவரை நீங்க லேட்டா வந்த பயணி, அவ்வளவுதான், காசு போச்சு.

இதுல ஒரு வழி இருக்கு, யாரும் சொல்றதில்ல. லோக்கலுக்குப் பதிலா சூளூர்பேட்டையில நிக்கிற எக்ஸ்பிரஸ் ஒண்ணுல சென்ட்ரல் வரைக்கும் செகண்ட் சிட்டிங் ரிசர்வ் பண்ணுங்க. கொஞ்ச தூரத்துக்கு எதுக்கு ரிசர்வேஷன்னு தோணும், ஆனா அந்த டிக்கெட்டுக்கு பிஎன்ஆர் வந்துடும், அத எழும்பூர் டிக்கெட்டோட இணைக்கக் கேக்கலாம், இணைக்க தனியா கட்டணமும் இல்ல. சென்ட்ரல்ல இறங்கி எழும்பூர்ல ஏறினா இணைப்பாங்களான்னு மட்டும் டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. ஒரு டிக்கெட்டுல அம்மா பேரு இனிஷியலோட, இன்னொண்ணுல இனிஷியல் இல்லாமன்னு போட்டுடாதீங்க, வயசு உள்பட அச்சு பிசகாம ஒண்ணா இருக்கட்டும். அப்புறம் ரயில விட்டுட்டா, முதல் ரயில் வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன் டிக்கெட்டுன்னா டிடிஆர் (காசு திரும்பக் கேக்கற ஆன்லைன் மனு) போடணும், கவுன்டர் டிக்கெட்டுன்னா கவுன்டர்ல குடுக்கணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா கெடையாது.

ஏஜென்ட்டுங்க விஷயத்துல இன்னொரு வேலை நடக்குது. அவர் சொந்த ஐடியில, அவர் அக்கவுன்ட்ல இருந்து காசு கட்டி, அவர் மொபைல் நம்பரப் போட்டு எடுப்பார். ரீஃபண்ட் வந்தா எங்க போகும்? காசு கட்டின அக்கவுன்டுக்குத்தான். ரயில் ரத்துன்னு மெசேஜும் அவருக்குத்தான் வரும். இப்படி சொந்த ஐடியில எடுத்து விக்கிறது ரயில்வே சட்டம் 143-வது பிரிவுல குத்தம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில். லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்டே ஸ்லீப்பருக்கு 20, ஏசிக்கு 40 ரூபாயும் அதுக்கு மேல வரியும்தான் சர்வீஸ் சார்ஜா வாங்கலாம், இவருக்கு எங்க இருந்து வந்தது 500?

லோக்கல்லதான் வருவீங்கன்னா ரெண்டு மணி நேரமாவது கையில வச்சுக்கோங்க. கும்மிடிப்பூண்டி பக்கம் ரெண்டே தண்டவாளம், பின்னால எக்ஸ்பிரஸ் வந்தா லோக்கல ஓரங்கட்டிடுவான், அத தாண்டி வந்தா சென்ட்ரல் கண்ணுக்குத் தெரியற தூரத்துல பேசின் பிரிட்ஜ்ல நிறுத்திப் போட்டுடுவான், எதுக்குன்னு கேக்க ஆளும் இருக்காது. சென்ட்ரல் 1873, எழும்பூர் கட்டடம் 1908, அந்தக் காலத்துல வேற வேற கம்பெனிக்காரன் கட்டினான் சரி, இத்தன வருஷம் கழிச்சும் ஒரே ஊருக்குள்ள மூட்டையத் தூக்கிட்டு மாறணும்னா என்ன நியாயம்?

மூர்மார்க்கெட்ல (சென்ட்ரல ஒட்டின லோக்கல் ஸ்டேஷன்) இறங்கினதும் அம்மாவ பார்க் ஸ்டேஷனுக்கு நடத்தாதீங்க, படி ஜாஸ்தி. மெட்ரோவுக்குப் போங்க, லிஃப்ட் இருக்கு, பரங்கிமலை போற பச்சை லைன்ல அடுத்த ஸ்டேஷனே எழும்பூர். ஆட்டோக்காரங்க மெட்ரோ ஓடலம்பாங்க, எழும்பூர் ரொம்ப தூரம்பாங்க. ரெண்டு கிலோமீட்டர் சுமார்தான். ஆட்டோதான் வசதின்னா ப்ரீபெய்டு கவுன்டர்ல சீட்டு வாங்கிட்டு ஏறுங்க.

வீட்ட விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி டிக்கெட்ட ஒரு தடவ எடுத்துப் பாருங்க. எம்ஏஎஸ்னா சென்ட்ரல், எம்எஸ்னா எழும்பூர், டிபிஎம்னா தாம்பரம். எழும்பூர்ல புதுப்பிக்கிற வேலை நடக்கறதால சில ரயில தாம்பரத்துல இருந்து விடறாங்க, உங்களுது அந்த லிஸ்ட்ல இருந்தா ரெண்டு மணி நேரம் பத்தாது, ஒரு லோக்கல் முன்னாடியே ஏறிடுங்க.