புகுஷிமா வயல்களில் நெல்லும் சீசியமும்: ஒரு மண்ணியலாளரின் கேள்வி பதில்

கேள்வி: அணு உலை விபத்துக்குப் பின் வயலில் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன்: உழக் கூடாது. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா அணு உலையிலிருந்து வந்து படிந்த சீசியம் என்னும் கதிரியக்கத் தனிமம் களிமண் தட்டுகளின் இடுக்குகளில் சிக்கிக்கொண்டு, உழாத வயல்களில் பெரும்பாலும் மேலிருந்து 5 சென்டிமீட்டருக்குள்ளேயே நின்றது. அந்த அடுக்கை மட்டும் வழித்தெடுக்கலாம். உழுதுவிட்டால் உழவாழம் முழுவதும் கலந்துவிடும். வழிப்பதும் எளிதன்று, ஹெக்டேருக்கு 500 கன மீட்டர் மண் சேரும், அதை வைக்க இடம் வேண்டும்.

கேள்வி: பொட்டாஷ் உரம் இட்டால் நெல்லில் சீசியம் குறையும் என்கிறார்களே, எப்படி?

பதில்: சீசியமும், பொட்டாஷ் உரம் தரும் பொட்டாசியமும் தனிம அட்டவணையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், மண்ணிலுள்ள நீரில் கரைந்த பொட்டாசியம் குறைந்த வயலில் வேர் பொட்டாசியத்துக்கென வைத்திருக்கும் வாயில்களின் வழியே சீசியத்தையும் இழுத்துக்கொள்கிறது, பொட்டாசியம் தாராளமாக இருந்தால் சீசியத்துக்கு அந்த வாயிலில் இடம் கிடைப்பது அரிது. 2011 நவம்பரில் புகுஷிமா நகரின் ஓனாமி பகுதி நெல்லில் கிலோவுக்கு 630 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) சீசியம் இருப்பது தெரியவந்தது. அன்றைய வரம்பு 500. வரம்பைத் தாண்டிய வயல்களை ஆராய்ந்தபோது, மண்ணில் சீசியம் எவ்வளவு என்பதைவிடப் பொட்டாசியம் எவ்வளவு குறைவு என்பதே பல இடங்களில் நெல்லில் ஏறிய சீசியத்தின் அளவைத் தீர்மானித்திருந்தது புலப்பட்டது. அதன்பின் 100 கிராம் மண்ணில் பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்கிட்டு 25 மில்லிகிராம் இருக்குமாறு நடவுக்கு முன்பே உரமிட்டார்கள்.

கேள்வி: என் வயலுக்கு எத்தனை மூட்டை பொட்டாஷ்?

பதில்: மண்ணைச் சோதிக்காமல் சொல்ல முடியாது.

கேள்வி: சூரியகாந்தி பயிரிட்டால் மண் சுத்தமாகும் அல்லவா?

பதில்: ஜப்பானிய வேளாண் அமைச்சகம் 2011இல் சோதித்தது, மண்ணிலிருந்த சீசியத்தில் ஏறத்தாழ 2000இல் ஒரு பங்கையே செடி எடுத்தது.

கேள்வி: 1986இல் அணு உலை விபத்து நடந்த செர்னோபிலில் சூரியகாந்தியால் வெற்றி கண்டார்களே? நீங்கள் தாவரங்களைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள்.

பதில்: அங்கே வெற்றி கண்டது குளத்து நீரில் மிதக்கவிட்ட சூரியகாந்தி. நீரில் கரைந்த சீசியம் வேருக்குக் கிடைக்கும். களிமண் இறுகப் பிடித்த சீசியம் கிடைக்காது. கணக்கையும் பாருங்கள்: 2000இல் ஒன்று என்பது 0.05 விழுக்காடு. அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 30 ஆண்டுகளான சீசியம்-137 என்னும் சீசிய வகை, நிலத்தைச் சும்மா விட்டாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.3 விழுக்காடு தானே சிதைந்துபோகும். பூ அழகானது, அதை மறுக்கவில்லை.

கேள்வி: அயோடின் மாத்திரை வாங்கி வைக்கலாமா?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: அரிசியைத் தீட்டினால் குறையுமா?

பதில்: குறையும். சீசியம் தவிட்டில் அதிகம் தங்குவதால், தீட்டிய அரிசியில் உமி நீக்கிய பழுப்பரிசியின் அளவில் பாதிக்கும் கீழேதான் இருக்கும்; கழுவிச் சமைத்தால் இன்னும் இறங்கும். அந்தத் தவிட்டை மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: பொட்டாஷ் மட்டும் போட்டுவிட்டு உழலாமா?

பதில்: மேல்மண்ணை வழிக்கும் எண்ணம் இருந்தால் உழக் கூடாது என்று முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: அந்த அரிசியை நம்பி எப்படி வாங்கினார்கள்?

பதில்: 2012 முதல் வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் ஆனது. அவ்வாண்டு அறுவடை தொடங்கி, புகுஷிமாவில் விளைந்த அரிசியின் 30 கிலோ பைகள் ஒவ்வொன்றும், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி, நகரும் பட்டையில் ஏறி கதிரியக்க அளவிக்குள் சென்று சில நொடிகளில் சான்று ஒட்டப்பட்டு வெளிவந்தன. 2015 அறுவடையிலிருந்து ஒரு பைகூட வரம்பைத் தாண்டாததால், 2020இல் பெரும்பாலான பகுதிகளில் மாதிரிச் சோதனைக்கு மாறினார்கள்.