வாசகர் கேள்விகள்: எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் தேவாலயம்

கேள்வி: ஸ்காட்லாந்தின் கிரேஃபிரையர்ஸ் தேவாலயத்தைப் பற்றி எங்கே படித்தாலும், எஜமானின் கல்லறையைக் காத்துக் கிடந்த நாயின் கதைதான் வருகிறது. அந்தத் தேவாலயத்துக்கு வேறு வரலாறே கிடையாதா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: தாராளமாக இருக்கிறது, நாயின் கதை அதில் மிகப் பிந்தியது. சாம்பல் நிற அங்கி அணிந்த பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம் இருந்த இடம் அது. பெயரும் அவர்களிடமிருந்து வந்ததே. 1560-இல் ஸ்காட்லாந்து சீர்திருத்த சபைக்கு மாறியபோது மடம் கலைந்தது. நகரின் நடுவிலிருந்த செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தின் இடுகாட்டில் இடமில்லாமல் போகவே, 1562-இல் அரசி மேரி மடத்துத் தோட்டத்தை நகரத்தாருக்கு இடுகாடாக வழங்கினார். ஆக, அங்கே கல்லறைகள்தான் மூத்தவை. தேவாலயத்தின் கட்டுமானம் 1602-இல் தொடங்கி 1620-இல்தான் முடிந்தது.

அது திறக்கப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகளுக்குள் ஸ்காட்லாந்து வரலாற்றின் பெரிய நிகழ்ச்சி ஒன்று அதற்குள் நடந்தது. லண்டனிலிருந்து ஆண்ட மன்னர் முதலாம் சார்லஸ், ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுச்சபையைக் கேளாமலே 1637-இல் புதிய ஜெபப் புத்தகம் ஒன்றைத் திணிக்க முயன்றார். செயின்ட் ஜைல்ஸ் ஆராதனையிலேயே கலகம் மூண்டது. 1638 பிப்ரவரி 28 அன்று பிரபுக்களும் நிலக்கிழார்களும் கிரேஃபிரையர்ஸில் கூடி, ‘தேசிய உடன்படிக்கை’ எழுதப்பட்ட தோல்சுருளில் கையொப்பமிட்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் போதகர்களும் நகரத்தாரும் இட்டார்கள். மன்னருக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதி கூறிய அதே ஆவணம், அவர் புகுத்திய புதுமைகளை ஏற்க மாட்டோம் என்றும் பணிவாகச் சொன்னது. நகல்கள் எடுக்கப்பட்டு நாடெங்கும் ஒவ்வொரு ஊர்த் திருச்சபையிலும் கையொப்பம் வாங்கப்பட்டது. மக்கள் கல்லறைக் கற்களின் மேல் தோலை விரித்துத் தங்கள் இரத்தத்தால் கையொப்பமிட்டதாகச் சொல்வதெல்லாம் பிற்காலத்தார் சேர்த்த அலங்காரம் என்றே நினைக்கிறேன்.

அந்த உடன்படிக்கையைக் கைவிட மறுத்தவர்களின் கதி என்ன ஆயிற்று என்பதையும் அதே மதிலோரம் பார்க்கலாம். 1679 ஜூனில் பாத்வெல் பாலச் சண்டையில் அவர்களின் படை தோற்றபின், ஏறத்தாழ 1,200 கைதிகள் இந்த இடுகாட்டை ஒட்டிய வெளியில் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலோருக்குக் கூரையில்லை, சிறிதளவு ரொட்டிதான் அன்றாட உணவு. இனி ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று எழுதிக் கொடுத்த பலர் விடுவிக்கப்பட்டார்கள். மிஞ்சியவர்களில் 250-க்கு மேற்பட்டோரை அமெரிக்கத் தோட்டங்களுக்கு அடிமைகளைப்போல் அனுப்பக் கப்பலேற்றினார்கள். ‘கிரௌன்’ என்ற அந்தக் கப்பல் டிசம்பரில் ஆர்க்னி தீவுகளுக்கருகே பாறையில் மோதி உடைந்தபோது, கீழ்த்தளத்தில் அடைபட்டுக் கிடந்தவர்களில் சுமார் இருநூறு பேர் மூழ்கிப் போனார்கள். அவர்கள்மீது வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் மெக்கன்சி 1691-இல் இறந்தார்; குவிமாடத்துடன் கூடிய அவருடைய கல்லறை மண்டபமும், தண்டிக்கப்பட்டவர்களுக்கான நினைவுச் சின்னமும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. ‘இரத்த மெக்கன்சி’ என்று மக்கள் ஏசிய அதே மனிதர்தான், பின்னாளில் ஸ்காட்லாந்தின் தேசிய நூலகமாக வளர்ந்த வழக்கறிஞர் நூலகத்தைத் தொடங்கியவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கட்டடத்துக்கும் சோதனைகள் வந்தன. தேவாலயக் கோபுரத்தில் வெடிமருந்தைச் சேமித்து வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ, 1718-இல் அது வெடித்து மேற்குப் பகுதி சேதமானது. பழுது பார்த்தபோது இன்னொரு தேவாலயத்தையே ஒட்டிக் கட்டினார்கள். நடுவே சுவரோடு இரண்டு சபைகள் 1929-இல் இணையும்வரை தனித்தனியே வழிபட்டன.

கேள்வி: அப்படியானால் அந்த நாயின் கதை பொய்யா? (வாசகி, மதுரை)

பதில்: பாபி என்ற நாய் இருந்தது, 1872-இல் இறந்தது. 1867-இல் நகரத் தலைவர் வில்லியம் சேம்பர்ஸ் அதற்கு உரிமக் கட்டணம் செலுத்தி வழங்கிய கழுத்துப்பட்டை இன்றும் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் எஜமானும் காவலருமான ஜான் கிரே 1858-இல் இறந்தபின் பதினான்கு ஆண்டுகள் அது கல்லறையை விட்டு நகரவே இல்லை என்பதைத்தான் ஆய்வாளர்கள் சிலர் நம்பவில்லை.

கேள்வி: அங்குள்ள கல்லறைகள் இரண்டின்மேல் இரும்புக் கூண்டு போட்டிருப்பதைப் படத்தில் பார்த்தேன். பேய் வெளியே வராமலிருக்கவா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: உள்ளே இருப்பவர் வெளியே வராமலிருக்க அல்ல, வெளியே இருப்பவர் உள்ளே போகாமலிருக்க. எடின்பரோ மருத்துவக் கல்விக்குப் பேர்போன நகரம். உடற்கூறு கற்பிக்கச் சடலங்கள் தேவைப்பட்டன. சட்டப்படி கிடைத்தவையோ மிகச் சில. எனவே புதிதாகப் புதைத்த உடல்களை இரவோடிரவாகத் தோண்டி விற்கும் தொழில் செழித்தது. வசதியுள்ளவர்கள் கனத்த இரும்புக் கூண்டால் குழியை மூடினார்கள்; சில வாரங்களில் உடல் அழுகி விற்பனைக்கு உதவாமல் போனதும், பல ஊர்களில் அதே கூண்டை எடுத்து அடுத்த கல்லறைக்கு வைப்பதும் உண்டு. இயலாதவர்கள் இரவில் விழித்திருந்து காவல் காத்தார்கள். இதே நகரில் 1828-இல் பிடிபட்ட பர்க், ஹேர் இருவரும் கல்லறை தோண்டியவர்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அவர்கள் தோண்டவே இல்லை, பதினாறு பேரைக் கொன்று உடல்களை விற்றார்கள். அந்தப் பரபரப்புக்குப் பின் 1832-இல் வந்த உடற்கூறியல் சட்டம், உரிமை கோர ஆளில்லாத சடலங்களை மருத்துவப் பள்ளிகளுக்கு அளிக்க வழி செய்தது. கல்லறைத் திருட்டு ஓய்ந்தது. ஆனால் அப்படி உரிமை கோரப்படாதவர்களில் பெரும்பாலோர் ஏழை விடுதிகளில் இறந்தவர்கள் என்பதால், அந்தச் சட்டத்தை ஏழைகள் வெகுகாலம் வெறுத்தார்கள்.