பறவைக்கு அடையாள வளையம் மாட்டினால் அதற்கு என்ன கெடுதல்?

பெரும்பாலான பறவைகளுக்குக் காலில் மாட்டும் லேசான வளையத்தால் பெரிய தொல்லை இல்லை. பென்குயின் கதை வேறு. அதன் கால் வளையத்துக்குத் தோதானதல்ல என்று துடுப்பு போன்ற இறக்கையின் அடியில் உலோகப் பட்டை மாட்டினார்கள். நீந்தும்போது அது தண்ணீரை எதிர்த்து இழுக்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் கூடுதல் சக்தி செலவாகும். இறகு உதிரும் பருவத்தில் இறக்கை வீங்கும்போது பட்டை இறுகிச் சதையை வெட்டுவதும் உண்டு.

தெற்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள குரோசே தீவுகளில் ராஜ பென்குயின்களை 10 ஆண்டுகள் கவனித்து 2011இல் வெளியான ஆய்வு இதை எண்ணிக்கையோடு காட்டியது. நூறு பறவைகளுக்கும் தோலுக்கடியில் அடையாளம் காட்டும் சிறு மின்னணுச் சில்லு. அதில் ஐம்பதுக்கு மட்டும் பட்டையும். பட்டை போட்டவை 39% குறைவாகக் குஞ்சு வளர்த்தன, உயிர்பிழைப்பு 16% குறைந்தது. இனப்பெருக்கத்துக்கும் தாமதமாகவே வந்தன.

வதை ஒருபுறம் இருக்கட்டும், தரவே கெட்டுப்போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பட்டையால் வந்த சரிவைப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியும்.

சில்லுக்கும் குறை உண்டு: கிட்டத்தில் போனால்தான் கருவி படிக்கும். ஆகவே பென்குயின்கள் தங்கள் கூட்டத்துக்குப் போகும் பாதையில் ஆன்டெனாவைப் புதைக்க வேண்டும்.

பறக்கும் பறவைமேல் மாட்டும் கருவி அதன் உடல் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். 20 கிராம் குருவிக்கு 0.6 கிராம். ஆனால் எடை மட்டும் பார்த்தால் போதாது. பென்குயினைப் படுத்தியது எடை அல்ல, இழுவை.