கையில் கொஞ்சம் காசு, தனியாக ஒரு வீடு: கேள்விகளும் பதில்களும்

பதினோரு வருடமாகச் சென்னையில் வாடகைக்கு இருக்கிறேன். ஆறு வீடு மாறியிருக்கிறேன். தெரிந்தவர்கள் பலருக்கு வீடு பார்த்தும் கொடுத்திருக்கிறேன். பெற்றோர் வீட்டை விட்டுத் தனியாகப் போக நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

அக்கா, எனக்கு 25 வயது. சம்பளம் 22,000. பெரம்பூரில் ஒரே படுக்கையறை உள்ள வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். வீட்டுக்கு மாதம் 8,000 கொடுக்கிறேன். தனியாகப் போக முடியுமா?

தனி ஆளாக முடியாது தம்பி. கூட ஒருவர் சேர்ந்தால் முடியும்.

வீட்டுக்குக் கொடுப்பது போக 14,000 நிற்கிறது. 9,000 வாடகையில் ஒரு வீட்டை இரண்டு பேர் எடுத்தால் உங்கள் பங்கு 4,500. கரண்ட், தண்ணீர் கேன், கேஸ் எல்லாம் சேர்த்து 1,000. சமைத்துச் சாப்பிட்டால் 4,000. ஆக 9,500. பஸ் பாஸ், போன், மருந்து மாத்திரை எல்லாம் மீதி 4,500-க்குள் அடங்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் அடங்கும்.

ஆனால் நாளைக்கே வீடு தேடாதீர்கள். அடுத்த மூன்று மாதம், சம்பளம் வந்த அன்றே அந்த 9,500-ஐ வேறொரு கணக்கில் போட்டுவிட்டு, அது கையில் இல்லை என்று நினைத்து வாழ்ந்து பாருங்கள். இருபதாம் தேதி அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தால், இன்னும் நேரம் வரவில்லை. எடுக்காமல் ஓட்டிவிட்டால் கையில் 28,500 இருக்கும். ஐந்து மாத அட்வான்ஸ் கேட்டால் உங்கள் பங்கு 22,500. மிச்சம் 6,000-இல் அடுப்பு, பாய், பக்கெட் வாங்கிவிடலாம். நான் வீடு பார்த்துக் கொடுத்தவர்களில் திரும்பி வந்தவர்கள் பெரும்பாலும் மாத வாடகையைச் சமாளித்தவர்கள்தான். அட்வான்ஸுக்கு வாங்கிய கடன்தான் அவர்களைத் திருப்பி அனுப்பியது.

இன்னொன்று. அந்த 8,000-ஐச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். ஒரு வாய் குறைகிறது என்றாலும் அரிசி, மளிகைக் கணக்கு உடனே குறைந்துவிடாது. குறைக்க வேண்டியிருந்தால் அம்மாவிடம் உட்கார்ந்து பேசிவிட்டுக் குறையுங்கள்.

ஹவுஸ் ஓனர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். மூன்று மாதம்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே?

இருக்கிறது. 2017-இல் வந்து, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்றுதான் சொல்கிறது. ஆனால் 'வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய' என்ற வாசகமும் கூடவே இருக்கிறது. பத்து மாதத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் பத்து மாதம்தான். அதனால் கையெழுத்துக்கு முன்னால் பேசுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலானோர் பால் காய்ச்ச மாட்டார்கள். அந்த நேரத்தில் காலியாகும் வீடு பூட்டியே கிடக்கும். அப்போது போய்க் கேட்டால் பத்து ஐந்தாக இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகவே அனுப்புங்கள். தொகையை அக்ரிமெண்டில் எழுத வையுங்கள். காலி செய்து சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

பிடித்தம் என்றதும் என் இரண்டாவது வீடு ஞாபகத்துக்கு வருகிறது. பாத்ரூம் கதவுக்குப் பின்னால், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் ஊறி, சுண்ணாம்பு அப்பளம் போல உப்பி நிற்கும். விரல் வைத்தால் உதிரும். நான் போகும்போதே அப்படித்தான் இருந்தது. காலி செய்யும்போது அதற்கும் சேர்த்து ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து சாமான் இறக்குவதற்கு முன்பே காலி வீட்டைச் சுற்றி வந்து வீடியோ எடுக்கிறேன். சொட்டுகிற குழாய், பழைய ஆணி ஓட்டை, விரிசல் விட்ட வாஷ்பேசின், எதையும் விடுவதில்லை. அதை அன்றைக்கே ஓனருக்கும் அனுப்பிவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அக்கா, நான் வேலைக்குப் போகும் பெண், 23 வயது. தனியாக இருக்க வீட்டில் சம்மதிக்கவில்லை. போய்ப் பார்த்த ஓனர்களும் 'கல்யாணம் ஆகிவிட்டதா' என்றே கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வி என்னையும் விட்டதில்லை தங்கச்சி. எவ்வளவு வலிக்கும் என்று தெரியும்.

முதலில் ஆறு மாதம் ஹாஸ்டலில் இருந்து பாருங்கள். தமிழக அரசின் 'தோழி' விடுதிகள் வேலைக்குப் போகும் பெண்களுக்காகவே நடக்கின்றன. தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன. இரண்டுமே மின்சார ரயில் தடத்தில் இருப்பதால் சீசன் டிக்கெட் எடுத்தால் போக்குவரத்துச் செலவு குறைவு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. ஐந்தாறு மாத அட்வான்ஸ் புரட்ட வேண்டிய அவசியமும் ஹாஸ்டலில் இல்லை.

இடம் பார்க்கப் போகும்போது அம்மாவைக் கூட்டிப் போங்கள். வார்டனிடம் அவரே பேசட்டும், கட்டிலைத் தொட்டுப் பார்க்கட்டும். மகள் எங்கே படுக்கிறாள் என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். என் அம்மாவுக்கு அப்படித்தான் போனது.

கரண்ட் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்கிறார் ஓனர். சரியா?

சரியில்லை, ஆனால் ஊரெல்லாம் நடக்கிறது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஓனரின் இணைப்பிலிருந்தே பிரித்துக் கணக்கெடுக்கும் சப்-மீட்டர் வைத்த வீட்டில் குடியிருப்பவருக்கு அந்தச் சலுகை வந்து சேர்வதில்லை. ஆகவே வீடு பார்க்கும்போதே 'இந்த போர்ஷனுக்குத் தனி ஈபி மீட்டரா?' என்று கேளுங்கள். வாடகை 500 அதிகமானாலும் தனி மீட்டர் வீடுதான் என் தேர்வு. வெயில் காலத்தில் வித்தியாசம் புரியும்.

கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று இல்லை. இண்டக்‌ஷன் போதுமா?

யூனிட் 9 ரூபாய் வீட்டில் இண்டக்‌ஷனை மட்டும் நம்பாதீர்கள். 5 கிலோ சின்ன சிலிண்டர் வாங்குங்கள். இண்டேனில் அதற்கு 'சோட்டு' என்று பெயர். அடையாள அட்டை ஒன்று இருந்தால் போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள்.

கல்யாணமாகி ஒரு வருடம். கூட்டுக் குடும்பத்திலிருந்து தனிக்குடித்தனம் போகிறோம். 5 லட்சம் கொடுத்தால் வாடகையே இல்லாமல் லீசுக்கு வீடு தருகிறார்கள். மனைவியின் நகையை அடகு வைக்கலாமா?

வைக்காதீர்கள். நகைக்கடன் வட்டியும் ஒரு வகையில் வாடகைதான். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, ஓனர் கட்டாமல் போனால், வீடு ஏலத்துக்கு வரும். உங்கள் 5 லட்சத்துக்காக நீங்கள் கோர்ட்டுக்கு அலைவீர்கள். கையில் இருக்கும் பணத்தில்தான் லீசு எடுக்கிறீர்கள் என்றாலும், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகப் பார்த்துவிடுங்கள். பதிவான அடமானம் அதில் தெரிந்துவிடும். பெயரும் சர்வே எண்ணும் நீங்கள் கேட்கும்போது ஓனர் தயங்குகிறார் என்றால் அந்த வீடே வேண்டாம்.

அப்பாவோடு பெரிய சண்டை. இன்றைக்கே கிளம்பிவிடலாம் என்று இருக்கிறேன் அக்கா.

அடி விழுகிறதா? விழுந்தால் பட்ஜெட்டெல்லாம் பார்க்க வேண்டாம்மா, இப்போதே கிளம்புங்கள். 181 பெண்கள் உதவி எண். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

வார்த்தைதான் தடித்தது என்றால், தோழி வீட்டில் நான்கு நாள் இருங்கள், அட்வான்ஸ் மட்டும் எங்கும் கொடுத்துவிடாதீர்கள். கோபத்தில் பார்க்கும் வீட்டில் தண்ணீர் வருகிறதா என்றுகூட யாரும் பார்ப்பதில்லை. எப்படிப் போனாலும் ஒரிஜினல் சர்டிபிகேட், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றும் பையில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இரவு எத்தனை மணியானாலும் பார்ப்பேன்.