பிடித்த மீனை விடுவது – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

இங்கிலாந்தில் ஒரு குளக்கரையில் நாள் முழுவதும் தூண்டில் போட்டதாகவும், கிடைத்த ஒரே மீனையும் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊர்கூடி ஊத்தாவும் கச்சாவுமாக இறங்குவோம்; அன்று எல்லா வீட்டிலும் மீன்குழம்பு கொதிக்கும். தின்னாத மீனை முள்ளில் மாட்டி இழுப்பது வீண் வதை அல்லவா? ஒரு மீனுக்காக ஒரு நாள் முழுக்க அங்கே என்னதான் செய்தீர்கள்?

க., சிவகங்கை

அன்புள்ள க.,

உங்கள் குற்றச்சாட்டில் பாதியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எடின்பரோ அருகேயுள்ள ராஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் லின் ஸ்னெடனும் அவருடன் பணியாற்றியவர்களும், டிரவுட் மீனின் தலைப்பகுதியில் ஊறு விளைவிக்கும் தூண்டல்களை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை 2003இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். மீன் உணர்வதை நாம் வலி என்று சொல்வதோடு ஒப்பிடலாமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை; ஆனாலும், தூண்டில்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த 'மீனுக்கு வலிக்காது' என்ற சமாதானத்தை இனி யாரும் வாய்கூசாமல் சொல்ல முடியாது. ஆகவே, மீனை விடுவது கருணை என்று நான் வாதிடப் போவதில்லை. அதன் கணக்கு வேறு.

இங்கிலாந்தில் நன்னீர் மீன்களைத் தூண்டில்காரர்கள் இரண்டு சாதியாகப் பிரித்திருக்கிறார்கள். சால்மனும் டிரவுட்டும் 'கேம்', அதாவது வேட்டை ரகம்; ரோச், பிரீம், டென்ச், பெர்ச் முதலான மற்றவை எல்லாம் 'கோர்ஸ்', அதாவது முரட்டு ரகம். சாதி என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். சால்மன் ஓடும் நல்ல ஆற்றுப் பகுதிகள் பெரும்பாலும் நிலவுடைமையாளர் கையில் இருந்தன. ஷெஃபீல்டு போன்ற ஆலைநகரங்களின் தொழிலாளர்கள் விடுமுறை நாளில் ரயிலேறி லிங்கன்ஷயரின் ஆறுகளுக்கும் கால்வாய்களுக்கும் போய் முரட்டு ரகத்தைப் பிடித்தார்கள். அந்த மீன்கள் முட்டையிடும் காலத்தில் அவற்றைப் பிடிக்கத் தடைவிதித்த 1878ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவர், ஷெஃபீல்டு தொகுதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த முண்டெல்லா. குளம் ஏரிகளுக்குப் பெரும்பாலும் 1995இல் தளர்ந்துவிட்ட அந்தத் தடை, ஆறுகளுக்கு இன்றும் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை உண்டு.

இந்த மீன்களில் முள் அதிகம், சேற்று வாடையும் சேர்ந்துகொள்ளும். ரயில்வழியாகக் கடல்மீன் மலிவாக வரத்தொடங்கிய ஊரில் இதை யார் விரும்பித் தின்பார்கள்? மீனோ தின்பதற்கு ஆகாது, குளமோ சிறியது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கரையில் உட்கார இன்னொருவர் வருவார். அப்படிப்பட்ட இடத்தில் மீனின் மதிப்பெல்லாம் அது மறுபடி பிடிபடுவதில்தான் இருக்கிறது. உங்கள் கண்மாய் கோடையில் வற்றிவிடும். விட்டுவைத்தால் மீன் சேற்றில் செத்துப்போகும் என்பதால் ஊர்கூடிப் பிடிப்பதே அங்கே நியாயம். அவர்கள் குளம் வற்றுவதில்லை. (பெருமைக்குரிய மீனை எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1952இல் ரெட்மையர் குளத்தில் பெயர்பெற்ற தூண்டில்காரர் ரிச்சர்ட் வாக்கர் பிடித்த 44 பவுண்டுக் கெண்டை, லண்டன் விலங்குக்காட்சிச் சாலையின் தொட்டியில் 1971 வரை வாழ்ந்து முடிந்தது.)

இனி, நான் என்ன செய்தேன் என்ற கேள்வி. அந்த ரெட்மையர் இருக்கும் ஹெரிஃபோர்ட்ஷயர் மாவட்டத்திலேயே, அல்லி மூடிய ஒரு பண்ணைக் குளத்துக்கு நண்பர் என்னை விடியற்காலை ஐந்து மணிக்கு அழைத்துப்போனார். ஜூன் மாதக் கடைசி. அந்நேரத்துக்கே நன்றாக வெளுத்திருந்தது. எங்கள் இலக்கு டென்ச்: நம் கெண்டைக்குத் தூரத்து உறவு, ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீலகிரி வரை கொண்டுவந்து விட்ட மீன். அல்லி இலையோரம் குண்டூசித் தலை அளவில் குமிழிகள் கொத்தாக எழுந்தால், அடியில் அது சேற்றைக் கிளறி மேய்கிறது என்று பொருள். தக்கையாகக் கட்டியிருந்தது மயிலிறகுத் தண்டு. தூண்டில் நரம்பில் முள்ளுக்குச் சற்று மேலே ஒரு குண்டு. அன்னங்கள் ஈயத்தை விழுங்கிச் செத்ததால் 1987 முதல் அங்கே சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை, எனவே அது வேறு உலோகம். இரை, டப்பாவில் அடைத்த இனிப்புச் சோளம் இரண்டு மணி.

குண்டு தரையில் கிடக்க, தக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேலே தெரியும். டென்ச் இரையை எடுத்துத் தலையைத் தூக்கும்போது குண்டின் கனம் போய், தக்கை மேலே எழும்பிப் படுத்துவிடும். தக்கை முங்கினால் இழு என்று பழகிய கை என்னுடையது. முதல் இரண்டு முறையும் அது எழும்பிப் படுத்ததை வாய்பார்த்துக்கொண்டு, முங்கட்டும் என்று காத்திருந்தேன், சோளம் போயிற்று. மூன்றாம் முறை நண்பர் என் முழங்கையில் தட்டினார்.

ஏறக்குறைய இரண்டு கிலோ. பழைய பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறினாற்போன்ற பச்சை, உடம்புக்குப் பொருந்தாத சின்னஞ்சிறு சிவப்புக் கண், செதில் இருப்பதே தெரியாதபடி வழவழப்பு. அந்த வழவழப்பு துடைபட்டால் மீனுக்கு நோய் தொற்றும் என்பதால் கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். மண்ணில் புரளாமலிருக்க ஈரமான மெத்தைவிரிப்பில் கிடத்த வேண்டும். தூண்டில் முள்ளில் கொக்கிப் பல் இல்லாததால் இரண்டு விரலில் கழன்று வந்தது. உதட்டில் ஒரு துளை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த 'அவ்வளவுதான்' உங்கள் கடிதத்தைப் படித்தபின் சற்று உறுத்துகிறது.

நீரில் இறக்கியதும் அது உடனே ஓடவில்லை. என் உள்ளங்கைமேல் சற்று நேரம் செவுள் அசைத்து நின்றுவிட்டு, அல்லித் தண்டுகளுக்கிடையே இறங்கிப் போயிற்று. மாலை ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தோம்; தக்கை மறுபடி எழும்பவில்லை. கம்பை மடக்கும்போது நண்பர், "உங்கள் ஊராக இருந்தால் அதை என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்டார். புளிக்குழம்பு என்றேன். சேற்று வாடை போகுமா என்று அவருக்குச் சந்தேகம். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு நன்றாக உரசிக் கழுவ வேண்டும் என்று சொன்னதை, அவர் தன் மீன்பிடி உரிமச்சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.