கொசுவலை விநியோகத் திட்டத்தில் ஆலோசகரின் வேலை என்ன?

வேலூரில் பொதுச் சுகாதாரம் படித்த ஒருவர், மலேரியா தடுப்புக்காகக் கொசுவலை வழங்கும் திட்டங்களில் ஆலோசகர் உண்மையில் என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்.

முதல் வேலை கணக்கு. இருவருக்கு ஒரு வலை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் என்றாலும், கொள்முதலுக்கு மக்கள்தொகையை 1.8-ஆல் வகுப்பதே வழக்கம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டரை வலை கொடுக்க முடியாது, மூன்று கொடுத்தாக வேண்டும் என்பதே காரணம். ஆகவே 1,800 பேருக்கு 900 அல்ல, 1,000 வலைகள் வாங்க வேண்டும். வீடுவீடாகச் சென்று ஆட்களை எண்ணாமல் பழைய பட்டியலை நம்பினால், ஊரின் கடைசி வீடுகளுக்கு வலை மிஞ்சாது.

கொடுத்த வலை கட்டப்படுகிறதா என்று சில மாதங்கள் கழித்துப் போய்ப் பார்ப்பதைத்தான் நான் இந்த வேலையின் உயிர்நாடியாகக் கருதுகிறேன். ஜவ்வாது மலை போன்ற பகுதியில் கோடையில் வாசலில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கு, நான்கு மூலைக் கயிறுகளையும் வெளியே எதில் கட்டுவது என்று நேரில் காட்ட வேண்டும். பூச்சிக்கொல்லி ஏற்றிய வலையைத் துவைத்தால் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்த வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

வேலூர் நகருக்கு இதே ஆலோசனை அப்படியே பொருந்தாது. நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் முட்டையிடுவதால், அங்கே தொட்டி மூடிகளுக்கே முதலிடம் தர வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பதால், இரவில் கட்டும் வலை அதையும் தடுத்துவிடும் என்று மக்களுக்கு உறுதி கூறக் கூடாது.